973இல் இல்லை

கொள்ளுப்பிட்டியில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி
எங்கள் நூலகம், இரண்டாம் மாடி.
உப்புக்காற்று புத்தகக் கம்பிகளைத் தின்னும்.
ஒவ்வொரு ரயிலுக்கும்
யன்னல் கண்ணாடி ஒருமுறை பல்லைக் கடிக்கும்.

கேர்ணல் விதானகமகே செவ்வாய்தோறும் வருவார்.
ஓய்வுபெற்றவர். இடக்காதில் கருவி.
ஒருநாள் துண்டுத்தாளில் எழுதித் தந்தார்:
நவீன அமெரிக்க இராணுவ வரலாறு,
எதை முதலில் வாசிக்கலாம், ஒரு பட்டியல் வேண்டும், மிஸ.
புள்ளி வைக்க மறந்த மிஸ.
மற்றதெல்லாம் சுத்தமான தமிழ்.
வவுனியாவில் படித்ததா, மன்னாரிலா,
நான் கேட்கவில்லை.

முதலில் 973க்குப் போனேன். அது அமெரிக்காவின் தட்டு.
அங்கே அவர்களது உள்நாட்டுப் போர் தடித்த நீல அட்டையில் இருந்தது,
பருத்தியும் தாடிகளுமாக.
அதற்குப் பிறகு
படை வீட்டில் இல்லை.

கொரியா 951இல். வியட்நாம் 959இல்.
ஈராக்குக்கு 956, ஆப்கானிஸ்தானுக்கு 958.
ஒரே நாட்டின் போர்களைத் தேடி
ஆசியா முழுக்க ஏணியை நகர்த்தினேன்.
எரிந்தது யார் வீடோ
அவர்கள் இலக்கத்தில்தான் சாம்பலை வைக்க வேண்டும்,
இது நூலக விதி.
எழுதியவர்கள் வேறெதையோ நினைத்து எழுதியிருப்பார்கள்.

பட்டியல் இப்படிப் போனது:
தளபதிகளின் நினைவுக் குறிப்புகளைக் கடைசிக்கு வையுங்கள்,
அவற்றில் மழைகூட நேரசூசிப்படிதான் பெய்யும்.
வியட்நாமில் தாதியாயிருந்த ஒருத்தியின் கடிதங்கள், மெல்லிய புத்தகம்;
நாற்பதாம் பக்கத்தோடு அவள்
தன் ஊரை விசாரிப்பதை நிறுத்திவிடுகிறாள். கவனியுங்கள்.
கொரியாவுக்கு எங்களிடம் ஒன்றுதான் உண்டு.
இரண்டு படைகளும் மாறி மாறிப் பிடித்த ஒரு மலையைக்
கறையான் ஒரே மாரியில் பிடித்துவிட்டது.
ஈராக் பற்றி, லொறிகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும்
மட்டுமே எண்ணும் ஒரு நூல். சலிப்பூட்டும்.
பொய் சொல்ல அவருக்கு நேரம் இருக்கவில்லை.

எதை எடுத்தாலும் பின்னாலிருந்து தொடங்குங்கள்.
சொல்லடைவில் ஒரு ஜெனரலுக்கு முப்பத்தொரு பக்கம்,
ஒரு கிராமத்துக்கு ஒன்று.
அந்த ஒன்றை முதலில் திறவுங்கள்.

மிஸிஸ் ஷொக்மன் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து
இது பட்டியலா, முறைப்பாடா என்றா.
கேர்ணல் நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

954.93 எங்களுடைய இலக்கம்.
அவர் கேட்கவில்லை, நான் எழுதவுமில்லை.
அது கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது,
சாவி மிஸிஸ் ஷொக்மனின் லாச்சியில்.

ஆறு கிழமைக்குப் பிறகு வியட்நாம் ஒன்று திரும்பி வந்தது.
திரும்பும் புத்தகங்களில் பென்சில் கிறுக்கல்களை அழிப்பது
என் வேலைகளில் கேவலமானது, பிடித்தமானதும்.
கோடுகள், அம்புக்குறிகள்,
பாதை தவறு என்று ஓரிடத்தில், இன்னோரிடத்தில் மிகச் சரி.
ஒரு படையாளின் வாசிப்பு.

212ஆம் பக்கத்தில் ஒரு கிராமத்தை எழுப்புகிறார்கள்.
சாமான் எடுக்க இருபது நிமிடம்.
ஒருவர் அரிசி எடுக்கிறார், ஒருவர் கோழி,
ஒருத்தி தையல் மெஷினோடு வாசலில் நின்றபடியே நிற்கிறாள்.
பக்கத்தில், ஓரத்தில்,
சின்னச் சின்னச் சிங்கள எழுத்தில்:
புளியங்குளம், 97.
கேள்விக்குறி இல்லை. கோடுகூட இல்லை.

அந்த வருடம் எனக்கு எட்டு வயது.
ஒரே வகுப்பை மூன்று பள்ளிக்கூடங்களில் படித்தேன்.
எங்கள் மெஷின் சிங்கர்.
டிரக்டரில் இடம் இருக்கவில்லை.

அழிறப்பரை எடுத்தேன்.
பாதை தவறு போயிற்று, மிகச் சரியும் போயிற்று.
தூளை ஊதினேன்.

செவ்வாய்க்கிழமை வந்தார். குடை சொட்டியது.
அடுத்தது எது என்றார்.
கொரியா, கறையான் தின்றது, பரவாயில்லையா?
பரவாயில்லை.
திகதி முத்திரை குத்தும்போது
நாங்கள் இருவரும் முத்திரையையே பார்த்தோம்.

புளியங்குளம் இப்போது 959இல் இருக்கிறது.
பிழையான தட்டு.
வருடாந்தக் கணக்கெடுப்பு இரண்டு முறை வந்து போயிற்று,
நான் அதை மாற்றவில்லை.